பித்தளை அச்சு முறுக்கு அச்சு: 2 தீபாவளிக்குப் பிறகு எழுதுகிறேன்

மலேசியாவின் பினாங்கில், லிட்டில் இந்தியாவில் லெபு பாசார் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 2024 செப்டம்பரில் 32 ரிங்கிட் கொடுத்து வாங்கிய அச்சு இது. கனமான பித்தளை, பூ வடிவம், நடுவில் ஒரு சின்ன வட்டம், சுற்றி 8 இதழ். மேலே திருகி மாட்டுகிற நீளமான இரும்புக் கம்பி. தயாரித்த நிறுவனத்தின் பெயர் அச்சிலும் இல்லை, அட்டைப் பெட்டியிலும் இல்லை. அச்சுக்கு 5க்கு 5 கொடுப்பேன், கம்பிக்கு 2 தான். அவசரமாகத் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு இது போதும். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள், இந்த அச்சு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லாமல் இது நல்லதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது.

நாங்கள் வளர்ப்புக் குடும்பம். எனக்கு ஒரு மகன், இப்போது 14 வயது. 2024 ஆகஸ்டில் சமூக நல இலாகா மூலம் ஓர் அக்காவும் தம்பியும் எங்களிடம் வந்தார்கள், வரும்போது அவளுக்கு 9, அவனுக்கு 5. இங்கே அவர்களைப் பாப்பா, தம்பி என்றே எழுதப் போகிறேன். 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பாதுகாப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் போட்டிருக்க மாட்டேன். கடையின் பெயரைச் சொல்லாததற்கும் அதுதான் காரணம், அந்தக் கடைக்காரருக்கு இப்போது இந்த இரண்டு பேரையும் நன்றாகத் தெரியும். கீழே எழுதியிருப்பதைப் பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "இது வேணாம் அத்தை" என்றாள், எடுத்துவிட்டேன்.

ஆமாம், என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா என்ற சொல் அவர்களுக்கு ஏற்கெனவே ஒருவருக்கு உரியது. அத்தை என்று அவளே முடிவு செய்தாள், எனக்கும் பிடித்திருந்தது.

வந்த ஒரு மாதத்தில் தீபாவளிப் பேச்சு எடுத்தோம். என் மாமியார் வழக்கம்போல முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை, அச்சு முறுக்கு என்று பட்டியல் போட்டார். எங்கள் வீட்டில் பழைய அச்சு ஒன்று இருந்தது, அலுமினியம், நட்சத்திர வடிவம். பாப்பா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆயா வீட்டுல பூவா இருக்கும், நடுவுல வட்டம்" என்றாள். ஆயா என்றால் அவள் பாட்டி. எங்களிடம் வந்த பிறகு அவள் தன் பழைய வீட்டைப் பற்றித் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூ அச்சு தேடிக் கிளம்பினோம்.

லெபு பாசாரை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் கடைத்தெரு என்றே சொல்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் அங்கே நடப்பதே சிரமம், கார் நிறுத்துவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், கொம்தார் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். முதல் கடையில் அலுமினியம் மட்டும்தான். இரண்டாவதில் பித்தளை இருந்தது, ஆனால் வண்ணத்துப்பூச்சி வடிவம். அங்கே இருந்த ஒருவர் எங்கள் மூன்று பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க சொந்தப் பிள்ளை எது?" என்று பாப்பாவின் முன்னாலேயே கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அவள் அதுவரை பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவது கடையில்தான் இந்த அச்சு கிடைத்தது. கடைக்கார அண்ணன் என்ன வேண்டும் என்று என்னைக் கேட்கவில்லை, "என்னம்மா தேடுற?" என்று நேராக அவளைக் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பில்லின் பின்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துப் பேனாவை நீட்டினார். வரைந்தாள். வட்டம், சுற்றி இதழ். அவர் அதை வாங்கிப் பார்த்து, "இது பழைய டிசைன், இரும்மா" என்று சொல்லி ஏணி போட்டு ஏறி, மேல் அடுக்கிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றை இறக்கினார். பெட்டியில் 5 அச்சு, 5 விதம். ஒவ்வொன்றாக எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தாள், நான்காவதில் நின்றுவிட்டாள். இவ்வளவுக்கும் வாசலில் கூட்டம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் அவசரப்படுத்தவே இல்லை. 32 ரிங்கிட் என்பது ஓர் அச்சுக்குக் கொஞ்சம் அதிகம்தான், அலுமினியம் இதில் பாதி விலைக்குள் கிடைக்கும். நான் பேரம் பேசவில்லை.

சரி, அச்சுக்கு வருவோம்.

பித்தளைதான் வாங்க வேண்டும் என்று இப்போது அடித்துச் சொல்வேன். அச்சு முறுக்கில் வேலை முழுக்கச் சூட்டில்தான் இருக்கிறது. அச்சு எண்ணெயில் காய்ந்து, மாவில் இறங்கி, மறுபடி எண்ணெய்க்குப் போகிற அந்தச் சில நொடிகளில் சூடு இறங்காமல் இருக்க வேண்டும். எங்கள் பழைய அலுமினிய அச்சு மெல்லிசு, மாவில் வைத்தவுடன் ஆறிவிடும், மாவு ஒழுங்காகப் பிடிக்காது. கனமான பித்தளை சூட்டை வைத்திருக்கிறது. மலாய்க்காரர்கள் இதே பலகாரத்துக்குக் குவே ரோஸ் என்றும் குவே லோயாங் என்றும் சொல்வார்கள், குவே என்றால் பலகாரம், லோயாங் என்றால் பித்தளை. பேரிலேயே உலோகத்தை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) அதற்கு இன்னொரு பேரும் சொன்னார், குவே கோயாங், அதாவது ஆட்டுகிற குவே. எண்ணெயில் அச்சை ஆட்டித்தானே முறுக்கைக் கழற்றுகிறோம். பெரானாக்கான் (மலாய் வழக்கங்கள் கலந்த சீன வம்சாவளி) வீடுகளில் சீனப் புத்தாண்டுக்கு இதைச் செய்கிறார்கள், கேரளக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்மசுக்கு அச்சப்பம் என்று செய்கிறார்கள். ஒரே அச்சு, எத்தனை பண்டிகை!

புது அச்சைப் பழக்காமல் சுடாதீர்கள். நான் செய்தது: நன்றாகக் கழுவித் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, எண்ணெயில் மூழ்க வைத்துச் சின்னத் தீயில் அரை மணி நேரம் காயவிட்டு, அடுப்பை அணைத்து அப்படியே இரவு முழுக்க விட்டுவிட்டேன். அப்படிச் செய்தும் மறுநாள் முதல் 4 முறுக்கு ஒட்டிக்கொண்டது. சத்தே மூங்கில் குச்சியால் ஓரமாகத் தள்ளித் தள்ளி எடுத்ததில் எல்லாம் பிய்ந்து வந்தது. பாப்பாவின் முகம் வாடிவிட்டது, "ஆயா சுட்டா ஒட்டாது" என்றாள். ஐந்தாவது பாதி கழன்றது. ஆறாவது முழுசாக, பூவாக, தானே கழன்று எண்ணெயில் மிதந்தது. தம்பி கத்திய கத்தலில் மூத்தவன் அறையிலிருந்து ஓடி வந்தான்.

மாவு அளவு கேட்பவர்களுக்கு: அரை கிலோ அரிசி மாவு, கால் கிலோ சீனி, 5 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள், அப்புறம் கெட்டித் தேங்காய்ப்பால். பாலை மட்டும் அளந்து ஊற்றாதீர்கள், மாவுக்கு மாவு மாறும். கரண்டியை முக்கி எடுத்தால் அதன் முதுகில் மெல்லியதாகப் படிய வேண்டும், அதுதான் பதம். கட்டி இல்லாமல் வடிகட்டிவிட்டு, எள்ளைக் கடைசியில் போடுங்கள். எனக்கு இந்த அளவில் ஏறக்குறைய 70 முறுக்கு வந்தது. அச்சைக் காய்ந்த எண்ணெயிலிருந்து எடுத்ததும் டிஷ்யூவில் ஒரு ஒற்று ஒற்றிவிட்டு மாவில் வையுங்கள், எண்ணெய் சொட்டச் சொட்ட வைத்தால் மாவு பிடிக்காது. முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். அச்சின் தலையை மாவு மூடிவிட்டால் கழலவே கழலாது. அச்சு அளவுக்கு மீறிக் காய்ந்தால் மாவு கிண்ணத்திலேயே வெந்து உள்ளே விழும், காயாவிட்டால் வழுக்கி ஓடும். இடையில் ஒரு சூடு இருக்கிறது, நாலைந்து சுட்டால் கை சொல்லிவிடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், சூடாக இருக்கும்போதே துடைத்து எண்ணெய்ப் பூச்சோடு காகிதத்தில் சுற்றி வைத்துவிடுங்கள்.

இனி குறை. அந்தக் கம்பி. கைப்பிடியில் மரம் எதுவும் இல்லை, வெறும் இரும்பு, பத்தாவது முறுக்குக்குள் கை பொசுங்குகிற அளவுக்குச் சூடு ஏறிவிடுகிறது. துணி சுற்றித்தான் பிடிக்கிறேன். அதைவிடப் பெரிய குறை திருகாணி. 2025 தீபாவளிக்குச் சுட்டபோது ஆட்டி ஆட்டித் திருகு தளர்ந்து, அச்சின் தலை மட்டும் கழன்று கொதிக்கிற எண்ணெய்க்குள் விழுந்தது. எண்ணெய் தெறித்தது. பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை, மாவு கலக்குவது, டிஷ்யூ விரிப்பது, ஆறியதை அடுக்குவது எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இது சின்ன விஷயம் இல்லை. என் கணவர் மறுநாள் இரும்புக் கடையில் ஒரு நட்டு வாங்கி இறுக்கிக் கொடுத்தார், அதற்குப் பிறகு அசையவில்லை. வாங்குகிறவர்கள் முதல் நாளே நட்டுப் போட்டுவிடுங்கள், ஒவ்வொரு 20 முறுக்குக்கும் ஒரு தடவை அடுப்பை அணைத்துத் திருகைப் பாருங்கள்.

முதல் தீபாவளி, 2024 அக்டோபர் 31. அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல் போடுவோம், மாமனார் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து அவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம். எல்லாம் எடுத்து வைக்கும் நேரத்தில் பாப்பா தன் பையிலிருந்து சின்னப் படம் ஒன்றை எடுத்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் அம்மாவின் படம். எதுவும் கேட்கவில்லை, கையில் பிடித்தபடி நின்றாள். நான் மாமியாரைப் பார்த்தேன். இது அவர் கணவருக்குப் போடும் படையல், அவர் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்து போய் இன்னொரு இலை கொண்டு வந்து விரித்தார். "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்னு தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த இலையில் அச்சு முறுக்கு மூன்றை வைத்தாள். 2025இலும் இரண்டு இலை போட்டோம், இனியும் அப்படித்தான்.

எண்ணெய்க் குளியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் பிள்ளைகளை உட்கார வைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைப்பது நமக்கு ஆசீர்வாதம். வேறு வீடுகளில் வேறு விதமாகத் தொடப்பட்ட பிள்ளைகளுக்கு அப்படி இல்லாமல் போகலாம். தம்பி தலையில் கை வைக்க விடவில்லை, ஒடுங்கிக்கொண்டான். வற்புறுத்தாமல் எண்ணெய்க் கிண்ணத்தைப் பாப்பாவிடம் கொடுத்தோம், அவள்தான் தன் தம்பிக்கு வைத்தாள். போன வருடம் அவனே வந்து என் கணவர் முன்னால் உட்கார்ந்தான். அதற்கு ஒரு வருடம் ஆனது, ஆகட்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், வளர்ப்புக் குடும்பங்களுக்கு இது உதவும். தீபாவளி முடிந்து நான்காம் நாள் படுக்கை விரிப்பை மாற்றும்போது தம்பியின் தலையணைக்குக் கீழே டிஷ்யூவில் சுற்றிய 7 அச்சு முறுக்கு இருந்தது, பாதி நொறுங்கிப் போய், எறும்பு மொய்த்து. நான் திட்டவில்லை. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற எண்ணம் வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைகள் இப்படிச் செய்வார்கள். சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தல் மூன்று வாங்கி, மூன்று பேருக்கும் அவரவர் பெயரை ஒட்டி, நிரப்பி, அறையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். குறைந்தால் நிரப்புவேன் என்று சொல்லி, சொன்னபடி நிரப்பினேன். தலையணைக்கு அடியில் அதற்குப் பிறகு எதுவும் இல்லை. காற்றுப் புகாமல் மூடினால் இந்த முறுக்கு மூன்று வாரத்துக்கும் மொறுமொறுப்பாகவே இருக்கிறது, எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது பெரிய விஷயம்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதல் வருடம் எங்கள் உறவுக்காரர் ஒருவர் என் மகனுடைய அங்பாவ் (பண்டிகைப் பணம்) உறையில் 20 ரிங்கிட்டும் இந்த இரண்டு பேருடைய உறையில் 5 ரிங்கிட்டும் வைத்திருந்தார். உறை மூன்றும் ஒரே ஊதா நிறம். உள்ளே இருப்பதைப் பிள்ளைகள் எண்ண மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், பாப்பா எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாள். எனக்கு நெஞ்சு வலித்தது. போன வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் போன் போட்டு, கொடுப்பதானால் மூன்று பேருக்கும் ஒரே தொகை, முடியாவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் மனம் வருத்தப்பட்டார். பரவாயில்லை. "இவங்க யாரு?" என்று கேட்பவர்களுக்கு "எங்க வீட்டுப் பிள்ளைங்க" என்ற ஒரே பதில்தான் எங்கள் எல்லோரிடமும், அதைச் சொல்வதில் மூத்தவன்தான் முந்திக்கொள்வான்.

தீபாவளி முடிந்த வாரம், அதிகாரியின் அனுமதியோடு, ஒரு டின் நிறைய அச்சு முறுக்கு எடுத்துக்கொண்டு பெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் பக்கம் ஆயாவைப் பார்க்கப் போனோம். அவருக்கு வயதாகிவிட்டது, இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உடம்பு இடம் கொடுக்கவில்லை, மற்றபடி அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஒரு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் அச்சு மாதிரியே இருக்கே" என்றார். கடித்துவிட்டு, பால் கொஞ்சம் கூடிவிட்டது, எண்ணெய் இன்னும் காய்ந்திருக்கலாம் என்றார். பாப்பா அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். 2025இல் அவர் சொன்னபடி செய்தோம். உண்மையிலேயே நன்றாக வந்தது.

வளர்ப்புக் குடும்பமாக ஆக வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்கள் உங்கள் மாவட்டச் சமூக நல இலாகா அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். ஆபத்தில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றித் தெரிந்தால் தாலியான் காசே என்ற உதவி எண் 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தத்தெடுப்பது வேறு, இது வேறு. இதில் காலக் கெடு உண்டு, நீதிமன்ற உத்தரவு உண்டு, அது முடியும்போது என்ன ஆகும் என்று இன்றைக்கு என்னால் பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்ல முடியாது. "அடுத்த தீபாவளிக்கும் நாங்க இங்கதானா அத்தை?" என்று பாப்பா கேட்டபோது பொய் சொல்லவில்லை. தெரியாது, ஆனால் எங்கே இருந்தாலும் நீ அச்சு முறுக்கு சுடலாம் என்றேன்.

அதற்காகத்தான் போன மாதம் அதே கடைக்கு மறுபடி போனோம். அந்தப் பூ வடிவத்தில் ஒன்றே ஒன்று மீதி இருந்தது. விலை 35 ஆகியிருந்தது, அண்ணன் 32க்கே கொடுத்தார். இது பாப்பாவுடையது, எப்போது எங்கே போனாலும் அவளோடு போகும். திருகில் நட்டுப் போட்டு, கைப்பிடியில் துணி சுற்றித் தைத்து, எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, போன சனிக்கிழமை பழக்கி முடித்தோம். இதிலும் முதல் நான்கு ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வந்தன, அவை எல்லாவற்றையும் தம்பி சூடு ஆறுவதற்குள் தின்றுவிட்டான்.